கன உலோகத் தூதுக்குழு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிய காரியம்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்ததும் பெரிய காரியம்தான். ஆனால் நகரக் குடிநீர் ஆய்வகத்தின் இயக்குநர் 'ஹெவி மெட்டல்' எனும் அதிரடி ராக் இசைக் கச்சேரி ஒன்றுக்கு அலுவல்முறைத் தூதுக்குழுவை நடத்திச் சென்றதை இவற்றுக்கு ஒரு படி கீழே வைக்க மனம் வரவில்லை.

இயக்குநர் கறாரானவர். ஆய்வகத்துக்குள் பிறமொழிச் சொல் ஒன்றையும் நுழைய விடமாட்டார். தண்ணீருக்குள் எது நுழைந்தாலும் அவருக்கு அவ்வளவு ஆட்சேபணை கிடையாது. வாய்தவறி 'பாட்டில்' என்று சொன்ன உதவியாளர் கிடங்குக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் இன்றுவரை குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆய்வகத்தில்தான் இடி வேலை பார்த்தாள். இடி என்பது கல்லூரி விடுதியில் வைத்த பெயர். அவள் அறைக் கதவை மூடினாலும் பாட்டு மாடிப்படி வரை அதிரும். ஆய்வகத்தில் யாருக்கும் இந்தப் பெயர் தெரியாது. அங்கே அவள் சத்தம் போட்டதே இல்லை.

அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கருவி இருந்தது. தண்ணீரில் ஈயம் என்னும் கன உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி. விலை உயர்ந்தது என்பதால் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதை இயக்க ஈயத்துக்கென்றே செய்த தனி விளக்கு ஒன்று வேண்டும். பழைய விளக்கு எப்போதோ உயிரை விட்டிருந்தது. இடி புது விளக்கு கேட்டாள். இயக்குநர் விளக்கம் கேட்டார். விளக்கம் கொடுத்தாள். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார். ஆய்வகத்தில் விளக்கங்கள் குவிந்தன. விளக்குதான் வரவில்லை.

வேலை மட்டும் நிற்கவில்லை. எல்லா அறிக்கைகளிலும் 'ஈயம்: தென்படவில்லை' என்று இயக்குநர் தவறாமல் எழுதினார். இதில் பொய் ஏதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தென்படாது.

இந்தத் தெளிவு ஒரே ஒருவருக்குப் போதவில்லை. மேற்குத் தெருவில் தையல் கடை வைத்திருந்த அக்கா அவர். தெருமுனையில் பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை. அதற்கு அடியில்தான் தெருவின் தண்ணீர்க் குழாய் ஓடியது. அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு வருவார், ஒரு குப்பித் தண்ணீரை இடியின் மேசைமேல் வைப்பார், ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இதக் குடிக்கலாமா, வேணாமா?"

இடிக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. இன்னொரு ஆசையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 'துரு' என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவைச் சாவதற்குள் ஒருமுறை நேரில் கேட்டுவிட வேண்டும். அவள் சாவதற்குள் அல்ல. அவர்கள் சாவதற்குள். பாடகருக்கு அவ்வளவு வயதாகிவிட்டது.

அந்தக் குழு பக்கத்து நகரத்து மைதானத்துக்குத் தன் கடைசிச் சுற்றுப்பயணத்தில் வந்தது. இடியும் கல்லூரித் தோழர்கள் இருவரும் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். தோழி பேக்கரி வைத்திருந்தாள். அதனால் பன்னு. தோழன் பல் டாக்டர். அவனுக்குத் தனிப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை. விடுப்புக் கேட்கத்தான் இடி இயக்குநர் அறைக்குப் போனாள்.

எதற்கு விடுப்பு என்று இயக்குநர் கேட்டார். இடி 'ஹெவி' என்று தொடங்கினாள். கிடங்கு நினைவுக்கு வந்தது. நிறுத்தி, அதைத் தமிழாக்கினாள்.

"கன உலோக நிகழ்ச்சி, ஐயா. பக்கத்து நகரத்துல."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு பேர் வருவார்கள்?"

"மைதானம் நிறைய, ஐயா."

"கன உலோகத்துக்கா?"

"வெறியோட வருவாங்க, ஐயா."

இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். உலகம் இவ்வளவு முன்னேறிவிட்டது, தன் ஆய்வகம் மட்டும் பின்தங்கலாமா என்று அவர் கலங்கியது முதுகிலேயே தெரிந்தது. இடி நேர்மையானவள். இது வெறும் பாட்டு, காது கிழியும் சத்தம் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். தொடக்க விழா என்றால் பாட்டு இருக்கத்தான் செய்யும் என்று அவர் அடக்கிவிட்டார். விடுப்பு மறுக்கப்பட்டது. அதற்குப் பதில் 'அலுவல் பயணம்' வழங்கப்பட்டது. தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்க இயக்குநர் தாமே முன்வந்தார்.

அன்று மாலை இடி பன்னுவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கச்சேரிக்கு உன் மேலதிகாரியக் கூட்டிட்டு வரியாடி?"

"நான் எங்க கூட்டிட்டு வரேன். அவர்தான் என்னக் கூட்டிட்டுப் போறாரு."

பயணம் ஆய்வகத்தின் வேனில் நடந்தது. பக்கவாட்டில் 'தூய நீர் எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்த வேன். தண்ணீரை மூச்சாக இழுத்தால் என்ன ஆகும் என்று அதை எழுதியவர் யோசிக்கவில்லை. முன்னிருக்கையில் கோட்டும் கோப்புமாக இயக்குநர். பின்னால் கறுப்புப் பனியன்களில் மூன்று பேர். வந்திருக்கும் 'வல்லுநர்கள்' யார் யார் என்று இயக்குநர் விசாரித்தார். பல் டாக்டர், பழைய பல் அடைப்புகளில் பாதரசம் இருக்கும் என்று சொன்னான். அவன் பாதரச வல்லுநர் ஆனான். பன்னு தனக்கு அடுப்பு மட்டும்தான் தெரியும் என்றாள். அவள் வெப்பவியல் வல்லுநர்.

"இன்று முதன்மையாக எந்த உலோகம்?" என்றார் இயக்குநர்.

"துரு, ஐயா," என்றான் பல் டாக்டர்.

"துரு உலோகம் இல்லையே. உலோகத்தின் முதுமை அல்லவா அது?"

"அவங்களுக்கும் வயசாயிடுச்சு, ஐயா. அதான் கடைசியா ஒருதரம் பாத்துடலாம்னு."

ஓர் ஆய்வுப் பொருளிடம் வல்லுநர்களுக்கு இவ்வளவு பாசம் இருப்பதைக் கண்டு இயக்குநர் நெகிழ்ந்தார். பன்னு பனியனின் கழுத்தைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின.

இடி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு யோசனை. ஆய்வகத்தில் இயக்குநரைத் தனியாகப் பிடிக்க முடியாது. கூட்டத்தில் இருப்பார், அல்லது கூட்டத்துக்குப் போயிருப்பார். இங்கே இருக்கை வாரோடு கட்டுண்டிருக்கிறார். இன்றைக்குள் விளக்குக்கு ஒப்புதல் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். வழியில் அவள் பலமுறை 'ஐயா, அந்த விளக்கு' என்று தொடங்கினாள். நிகழ்ச்சி முடியட்டும் என்று அவர் பலமுறை கையமர்த்தினார்.

மைதான வாசலில் இயக்குநர் கொஞ்சம் தடுமாறினார். எல்லோரும் கறுப்பு உடை. யார் தவறிவிட்டார்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். அப்புறம் உடைகளில் இருந்த மண்டையோடுகளைக் கண்டார். முகம் மலர்ந்தது.

"நச்சுப்பொருள் எச்சரிக்கைச் சின்னம். சட்டையிலேயே அணிந்து வந்திருக்கிறார்கள். என்ன விழிப்புணர்வு."

கோட்டும் கோப்புமாக நின்ற அவரைக் கூட்டம் உடனே கவனித்தது. கைநிறையப் பச்சை குத்தி, தாடியைப் பின்னலிட்டிருந்த ஒருவன் குனிந்து, இந்த வயசுலயும் வந்திருக்கீங்களே, முன்னாடி வாங்கப்பா என்றான். தாம் ஆய்வகத்தின் தலைவர் என்று இயக்குநர் அறிவித்தார். அவனுக்கு அது காதில் விழவில்லை. இருந்தாலும் மரியாதை செய்தான். அவரை அலாக்காகத் தூக்கினான். பல கைகள் வாங்கிக்கொண்டன. மக்கள் ஓர் அதிகாரியைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடியதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே அது சொல்லுக்குச் சொல் நடந்தது. கோப்பு ஒரு திசையிலும் ஒரு செருப்பு இன்னொரு திசையிலும் சென்றன. இயக்குநர் முன்வரிசைத் தடுப்புக் கம்பியருகே போய் இறங்கினார். பின்னாலேயே முட்டி மோதி மூவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

துரு மேடையேறியது. முதல் அடியில் தரை அதிர்ந்தது. பாடகர் ஊன்றுகோலை வீசிவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தார். பல் டாக்டர் அழுதான். பன்னு அவனைக் கட்டிக்கொண்டாள். மைதானம் முழுவதும் தலைகள் மேலும் கீழும் ஆடத் தொடங்கின.

அப்போதுதான் அந்த அற்புதம் நிகழ்ந்தது. இந்தத் தலையாட்டல் சாதாரணக் கலை அல்ல. தாளம் பிசகாமல் ஆடக் கழுத்து பழகுவதற்குள் ரசிகர்களுக்கு வருடங்கள் ஆகிவிடும். இயக்குநருக்கு ஒரு பாட்டு போதுமாக இருந்தது. பணியில் சேர்ந்த நாள் முதல் மேலிடத்துக்கு முன்னால் பழகிய கழுத்து அல்லவா. ஆழம், வேகம், விடாமுயற்சி எல்லாம் கைவந்திருந்தன. தாடிக்காரன் தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான். குரு யாருங்க என்று கேட்டான்.

இடி இந்தச் சமயத்தை விடவில்லை. அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினாள். வேலையில் சேர்ந்த பிறகு அவள் முதல்முறையாகக் கத்தியது அன்றுதான்.

"ஐயா, ஈய விளக்கு வாங்கணும்."

இயக்குநர் தலையாட்டினார்.

"மேற்குத் தெரு தண்ணியச் சோதிக்கணும்."

இடுப்பு வரை வளைந்து தலையாட்டினார்.

"ஈயம் இருந்தா இருக்குன்னு எழுதணும்."

மூக்குக்கண்ணாடி பறக்கும்படி தலையாட்டினார்.

நாங்க சாட்சி என்று பன்னு கத்தினாள். இடிக்குத் தலைகால் புரியவில்லை. கால் போனால் போகட்டும், தலையை அவள் சும்மா விடவில்லை. கிடங்கையும் விளக்கங்களையும் பூப்போட்ட உறையையும் சேர்த்து வைத்து ஆட்டினாள். கடைசிப் பாட்டில் கழுத்தில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது வேனில் நிமிர்ந்த தலையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். குனிய முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று கழுத்துப் பட்டையோடு இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் ஜன்னலருகே ஏதோ முனகிக்கொண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். விளக்குக்கு ஒப்புதல் கொடுத்ததை அவள் நினைவுபடுத்தினாள்.

"அது ஒப்புதல் அல்ல," என்றார் இயக்குநர். "அது தாளம்."

"நீங்க தலையாட்டினீங்களே, ஐயா."

"மைதானமே ஆட்டியது. அத்தனை பேரும் உங்கள் விளக்குக்கா ஒப்புதல் தந்தார்கள்?"

வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை குழாயில்தான் இருந்தது.

அது கச்சேரி என்று இயக்குநருக்கு எந்தக் கட்டத்தில் புரிந்தது என்பது ஆய்வுக்குரிய விஷயம். புரிந்த பிறகும் அவர் தம் பயண அறிக்கையில் ஒரு சொல்லை மாற்றவில்லை என்பதில் அவருடைய உறுதி தெரிகிறது. அந்த அறிக்கையை மக்கள் குறைகேட்புக் கூட்டத்தில் அவரே வாசித்தார். மேடையில் நகர ஆணையர், துணை ஆணையர், பொறியாளர்கள், ஓரத்தில் கழுத்துப் பட்டையோடு இடி. எதிரே முதல் வரிசையில் தையல்கார அக்கா, மடியில் ஒரு குப்பித் தண்ணீர்.

"கன உலோகம் குறித்து மக்களிடம் வீண் அச்சம் நிலவுகிறது," என்று வாசித்தார் இயக்குநர். "நான் முன்வரிசையில் நின்று, பாதுகாப்புச் சாதனம் ஏதுமின்றி, மாலை முழுவதும் கன உலோகத்தை உள்வாங்கினேன். காதில் சிறிது ரீங்காரம் தவிர வேறு கேடு இல்லை. அங்கே மக்கள் கன உலோகத்தை ஆடிப் பாடி வரவேற்கிறார்கள்."

அக்கா எழுந்தார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. இந்தத் தண்ணியக் குடிக்கலாமா, வேணாமா?"

"தாராளமாகக் குடிக்கலாம்," என்று சொல்லிவிட்டு இயக்குநர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் தலையாட்டினார். அதைப் பார்த்துத் துணை ஆணையர் ஆட்டினார். பொறியாளர்கள் ஆட்டினார்கள். குறிப்பெடுப்பவர் எழுதிக்கொண்டே ஆட்டினார். மைதானத்தில் கண்ட அதே காட்சி. இசை மட்டும் இல்லை.

அக்காவின் கண் மேடையின் ஓரத்துக்குப் போனது.

"அந்தப் பொண்ணு ஆட்டலையே."

அவருக்குக் கழுத்துச் சுளுக்கு என்று இயக்குநர் விளக்கம் அளித்தார். விளக்கத்துக்கு அங்கே என்றும் பஞ்சம் இல்லை.

அக்கா கேட்டுக்கொண்டார். அளவெடுப்பவர் போல இடியின் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேலயும் கீழயும் ஆட்ட முடியலியாம்மா?"

"முடியலக்கா."

"பக்கவாட்டுல?"

மேடையில் எல்லோரும் இடியைப் பார்த்தார்கள். அவள் கிடங்கை நினைத்தாள். அப்புறம் தலையை இடப்பக்கம் திருப்பினாள். வலித்தது. வலப்பக்கம் திருப்பினாள். அதைவிட வலித்தது. மறுபடியும் ஒருமுறை, எல்லோருக்கும் தெரியும்படி நிதானமாக.

"போதும்மா, வலிக்கப்போவுது," என்றார் அக்கா. குப்பித் தண்ணீரை ஆணையரின் மேசைமேல் வைத்தார். தெருவுக்குச் சொல்லிட்டு வரேன் என்று கிளம்பினார்.

கூட்டம் வெற்றிகரமாக முடிந்தது. அதன் குறிப்பு ஆய்வகத்தின் பெருமைக்கு என்றும் சான்றாக நிற்கும். மேற்குத் தெருத் தண்ணீர் குடிக்கத் தக்கது என அவை ஒருமனதாகத் தலையாட்டியது. ஒரு கழுத்து பழுதடைந்திருந்ததால் அது கணக்கில் கொள்ளப்படவில்லை. அந்தக் கழுத்தைப் பழுது நீக்க அவசர ஒப்புதல் அன்றே வழங்கப்பட்டது. விளக்குக்கு விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.