வியாழக்கிழமைத் தேர்வும் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த டப்பாவும்

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்கா இன்று காலை 9.52 மணிக்குத் தேர்வு நடக்கும் கட்டடத்துக்குள் போய்விட்டாள். இதை எனக்குச் சொன்னவர் வாசல் காவலாளி. நான் நேரில் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் அறுநூறு மீட்டர் தள்ளி, நின்றுபோன ஒரு பஸ்ஸின் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அது எப்படி என்பது கீழே வருகிறது.

இங்கு எல்லோரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அதற்கு ஆதாரம் உங்கள் குரல். காலையில் நான்கு முறை அழைத்தேன். நான்கு முறையும் "பன்னிரண்டு மணி வரை என் மனம் எனக்கே சொந்தம், பிறகு பேசுங்கள்" என்று பதிவு செய்துவைத்த குரல்தான் பேசியது. ஆகவே கட்டடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கடிதமாக எழுதுகிறேன். இப்போது மணி 10.25. தேர்வு முடிய இன்னும் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டார்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு பத்தி எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உங்கள் அக்கா குடிநீர் வாரியச் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குடுவை கழுவுகிறாள். அவள் கழுவிக் கொடுத்த குடுவையில் தண்ணீரை ஊற்றி, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து எழுதுகிறவருக்குப் பெயர் சோதனையாளர். அந்த வேலைக்கான துறைத் தேர்வு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். ஐம்பத்தைந்து வயது முடிந்தவர் எழுத முடியாது. அவளுக்கு ஐம்பத்தைந்து முடிவது அடுத்த மாதம் இரண்டாம் தேதி. இதுவரை அவள் எழுதியதில்லை. ஆக, இதுதான் முதல் தேர்வு, இதுதான் கடைசித் தேர்வு. இந்த நிலைமையில்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் நீங்கள் அந்த நாற்பத்திரண்டு ஒலிப்பதிவுகளை அனுப்பினீர்கள்.

மனத்துக்கும் வேளாவேளைக்கு நல்ல தீனி போட வேண்டும், கெட்டுப்போனதைப் போட்டால் மனமும் கெட்டுப்போகும் என்று முதல் பதிவில் சொல்கிறீர்கள். தவறில்லை. ஆனால் அதைக் கேட்ட மறுநாளே எங்கள் வீட்டில் செய்தித்தாள் நின்றுவிட்டது. நான் முடிதிருத்தும் கடையில் போய்ப் படிக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் போகிறேன், என் தலையில் அவ்வளவு முடி இல்லை என்பது அவருக்கும் தெரியும். தொலைக்காட்சிக்கு மேல் துணி போர்த்தியாயிற்று. அடுத்து என் பக்கம் திரும்பினாள். "முப்பத்தெட்டு வருஷம் பேப்பர்ல விபத்தும் கோர்ட்டும் எழுதி எழுதி உங்க வாயே நாலாம் பக்கம் ஆயிடுச்சு. இனிமே சாப்பாட்டு மேஜையில நல்ல சேதி மட்டும்தான் பேசணும்" என்றாள். நானும் முயற்சி செய்தேன். "இன்னிக்கு ஒரு பஸ் ஆத்துல விழுந்துது. ஆனா டிரைவருக்கு நீச்சல் தெரியும்" என்றேன். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் உங்கள் மருமகள், அதாவது என் மகள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, இதுதான் உங்க நல்ல சேதியா?" என்றாள். "ரொம்ப நல்லா நீந்தினாராம்மா" என்றேன். அன்று முதல் நான் மேஜையில் பேசுவதில்லை.

என் பக்கமும் ஒரு குற்றம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் வாரம், போன தடவை நாற்பத்தொரு பேர் எழுதியதில் ஆறு பேர்தான் தேறினார்கள் என்று விசாரித்து வந்து வாய் தவறிச் சொல்லிவிட்டேன். புள்ளிவிவரம் சரியானது, சொன்ன இடம்தான் தவறு. இரண்டு நாள் அவள் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் டீ கொண்டுபோய் வைத்தால் அது ஆறிப்போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் உங்களுடைய பதினேழாம் பதிவைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். கெட்ட செய்தி யாருக்குத் தெரிந்தாலும் வாயால் சொல்லக் கூடாது, சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் திறக்கும்போது பாதிக் கவலை தானாகவே செத்திருக்கும். உங்கள் கண்டுபிடிப்புதானே? முதல் ஞாயிறு திறந்தபோது "குழாய் ஒழுகுகிறது" என்று நான் எழுதிய சீட்டு இருந்தது. ஒழுகல் உண்மையிலேயே நின்றிருந்தது. மேல் தொட்டி முழுக்கக் காலியாகியிருந்தது. "பாத்தீங்களா?" என்றாள் உங்கள் அக்கா.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அவள் படித்தாள். குளோரின் அளவு ஷேவிங் கண்ணாடியில் ஒட்டியிருந்தது, தண்ணீரின் கடினத்தன்மைக் கணக்கு சர்க்கரை டப்பா மூடியின் உள்பக்கம் இருந்தது, செருப்பு வைக்கும் அலமாரியைத் திறந்தால் கலங்கல் தண்ணீரின் வகைகள். ஒரு நாள் சோதனைக்கூடத்துப் பெரியவர் குடுவையைத் தூக்கிப் பார்த்து "இது சுத்தமா இருக்கா?" என்று கேட்டாராம். "உள்ள ஒரு துளி சோப்பு இருந்தாலும் உங்க கணக்கு தப்பாத்தான் சார் வரும், உங்க சோதனையே என் கையிலதான் ஆரம்பிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்த மனிதரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்கு அதை மூன்று தடவை சொன்னாள்.

இனி விபரீதத்துக்கு வருகிறேன். தேர்வு வரும் திங்கட்கிழமை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். படிப்பதற்காக அவள் பத்து நாள் விடுப்பில் வீட்டில் இருந்தாள். இந்த வாரம் திங்கள் மாலை 6.20க்கு அவளோடு குடுவை கழுவும் அம்மாள் எனக்குப் போன் செய்தார். அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் 'வானொலி' என்று பெயர். "அண்ணே, பரீட்சை வியாழக்கிழமையாம். பத்து மணிக்கு. போர்டுல ஒட்டிட்டாங்க, என் கண்ணால பாத்தேன்" என்றார். நாலு நாள் பறிபோய்விட்டது. ஆனால் ஒரே ஒருவர் சொன்னதை நான் என்றைக்கும் அச்சில் ஏற்றியதில்லை. இரண்டாவது ஆதாரம் கிடைக்கும் வரை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்து, விஷயத்தைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டேன். செவ்வாய் மதியம் வாரிய அலுவலகத்துக்கே போனேன். எழுத்தர் சாப்பிட்டுவிட்டு வர 3.40 ஆனது. "வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு உண்டா?" என்று கேட்டேன். "உண்டு" என்றார். "இடம்?" "பழைய கட்டடம், முதல் மாடி." நாள், நேரம், இடம் மூன்றும் உறுதி. வீட்டுக்கு வந்தேன்.

வந்து என்ன செய்ய? அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் எதையோ வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், நடுநடுவே பாடவும் செய்தாள். ஆறு பேர் சமாசாரத்துக்கே இரண்டு நாள் போனது, இதைச் சொன்னால் இருக்கிற இரண்டு நாளும் போய்விடுமே என்று மகளை மாடிப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன். "நீங்க வாயே திறக்காதீங்கப்பா. பல்லு புடுங்கணும்னு சொல்றதே என் வேலைதான். பக்குவமா நான் சொல்லிக்கறேன்" என்றாள். புதன் காலை கேட்டேன். "சொல்லலப்பா. அம்மா சிரிச்சுக்கிட்டே டீ குடிக்கிறாங்க, எப்படிச் சொல்றது?" என்றாள். புதன் மாலை ஆகிவிட்டது. நானே சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"நாளைக்கே பரீட்சைன்னு வெச்சுக்கோ. எழுதிடுவியா?"

"எழுதிடுவேன்."

"நெஜமாவா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா இருக்கறவர் என் சீருடைக்கு இஸ்திரி போட்டு வைங்களேன்" என்றாள். விடுப்பில் இருப்பவளுக்குச் சீருடை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சூடாகும் வரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது ஒரு கை மடிப்புக் கலைந்திருந்தது, அதைச் சரிசெய்வதில் மறந்துபோனது.

இன்று காலை ஏழு மணிக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் பதினேழாம் பதிவு எக்கேடாவது கெட்டுப்போகட்டும் என்று டப்பாவை எடுத்துவந்து மேஜை மேல் கவிழ்த்தேன். இரண்டு சீட்டு விழுந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று உங்கள் அக்காவின் கையெழுத்தில் இருந்தது: "தேர்வு வியாழக்கிழமைக்கு மாறிவிட்டது. இவரிடம் சொல்லக் கூடாது, பதறுவார்." வானொலி அம்மாள் எனக்கு முன்பே, திங்கள் மதியமே, அவளுக்கும் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாக ஒரே கெட்ட செய்தியை இரண்டு பேரும் அடுத்தவருக்குத் தெரியாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக் காவல் காத்திருக்கிறோம். அவள் சீருடையோடு அறையிலிருந்து வந்தாள், மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மகள், "நல்ல குடும்பம்" என்றாள்.

8.40 பஸ்ஸில் ஏறினோம். நான்தான் துணைக்கு வருவேன் என்று அடம்பிடித்தேன். 9.35க்குப் பஸ் இருமியது, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. ஓட்டுநர், "எல்லாரும் இறங்கி ஒரு கை கொடுங்க" என்றார். உங்கள் அக்கா, "நீங்க தள்ளுங்க, நான் நடக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் கூடப் போயிருக்கலாம். ஆனால் தள்ளுகிறவர்களில் ஒருவர் என் வலது கையைப் பிடித்துப் பஸ்மீது வைத்துவிட்டார். இருபது நிமிடத்தில் பஸ் கிளம்பியது, என்னை விட்டுவிட்டு. கட்டடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது 10.08, கதவு சாத்தியாகிவிட்டது. நாலு நாள் குறைந்த படிப்போடு, வெயிலில் நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் என்ன எழுதுகிறாளோ. சன்னல் எல்லாம் உயரத்தில் இருக்கிறது. ஒரு மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிகிறது.

ஆகவே மாப்பிள்ளை, ஒரு வேண்டுகோள். நீங்கள் நல்லதற்குத்தான் செய்தீர்கள். ஆனாலும் இனிமேல் ஒலிப்பதிவோ, புத்தகமோ, மனத்துக்கான தீனியோ எதுவும் இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். மனம் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, தேதி சரியாகத் தெரிந்தால் போதும். அவள் தேறாமல் போனால் அந்தப் பழி அவள்மேல் இல்லை, பாதி என்மேல், பாதி உங்கள்மேல்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் உடம்பையும் பல்லையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல் பற்றியது மகள் சொல்லச் சொன்னது. இப்போது மணி 12.40. அவள் வெளியே வருவது ஒரு மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு, பிற்பகல் 1.50: வந்துவிட்டாள், 1.04க்கு. இம்முறை நான் நேரில் பார்த்தேன். கேட் அருகே நின்று, "அது நம்ம பரீட்சை இல்லைங்க" என்றாள். இன்று நடந்தது பம்பு இயக்குநர்களுக்கான தேர்வு. வானொலி அம்மாள் அறிவிப்பின் மேல் பாதியைத்தான் படித்திருக்கிறார். நான் எழுத்தரிடம் எப்போது, எங்கே என்று கேட்டேன். எந்தத் தேர்வு என்று கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருடம். உங்கள் அக்காவின் பெயர் பட்டியலில் இல்லையாம், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையால் சேர்த்துக்கொண்டார்களாம்.

"முதல் கேள்வியே பம்பு அதிர்ந்தா என்ன செய்யணும்னு இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு."

"எழுந்து வர வேண்டியதுதானே?"

"எதுக்கு? நான் பரீட்சை ஹால்ல உக்காந்து முப்பத்தேழு வருஷம் ஆச்சு. போன உடனே கை நடுங்குச்சு, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் நின்னுச்சு. அது திங்கக்கிழமை நடுங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? தெரிஞ்ச கேள்விக்கெல்லாம் எழுதிட்டுத்தான் வந்தேன். பம்பு ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க. தம்பிகிட்ட அதப் பத்திப் புஸ்தகம் ஏதாவது இருந்தா அனுப்பச் சொல்லுங்க."

ஆகவே மேலே எழுதிய வேண்டுகோளை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, புத்தகத்தை அனுப்பிவையுங்கள். பம்புத் தேர்வின் முடிவு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி வரும் என்கிறார்கள். ஒருவர்தான் சொன்னார், உறுதியில்லை. சோதனையாளர் தேர்வு வரும் திங்கட்கிழமை, காலை பத்து மணி, அதே முதல் மாடி. இதை நானே பலகைக்கு முன்னால் நின்று, அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரைக்கும், இரண்டு முறை படித்தேன்.