வாயுள்ள ஜீவனின் முறையீடு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுமார், உங்கள் பேத்தி நலம், உங்கள் மகள் அளவுக்கு மீறிய நலம். கடைசியில் சொன்ன நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அத்தையின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அதற்கு ஏதாவது வழி சொல்லேன் என்று உங்கள் மகளைக் கேட்டேன். "அம்மா குதிரையா இருந்தா என்ன பண்ணணும்னு தெரியும்" என்றாள். இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஃபோனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் பேத்திக்குப் பதினான்கு வயது, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே ஒட்டுக்கேட்கிற வயது. ஆகவே சனிக்கிழமையும் அதுவுமாகக் கடையை அரை நாள் மூடிவிட்டு, மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்களைத் திங்கட்கிழமை வரைக்கும் உலகத்தை மங்கலாகப் பார்க்க விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் மகளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி உங்களுக்கு வந்திருக்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் தவளை ஜாடிகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள், முப்பத்தேழு வயதில், ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி ஒரு விடுதியில் தங்கி ஐந்தரை வருடம் படிக்கப் போகிறாளாம். சேர்கிறேன் என்று வருகிற இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். படிவத்தை நிரப்பி வைத்துவிட்டாள், கையெழுத்து மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "பதினெட்டு வயசுல அப்பா வேண்டாம்னார், விட்டுட்டேன். இப்ப என்ன சொல்றார்னு பார்க்கணும்" என்றாள். கட்டின புருஷனைக் கேட்க மாட்டாயா என்றேன். "உங்களைக் கேட்டா இடுப்பு வலிக்குதும்பீங்க" என்றாள். ஆக, குடுமி உங்கள் கையில்தான் இருக்கிறது மாமா.

அன்றைக்கு நீங்கள் சொன்ன வாக்கியத்தை அவள் எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பாள். "மாட்டுக்கு ஊசி போடறவளை எவன் கட்டுவான்?" நல்ல கேள்வி. உங்கள் தயவால் மாட்டுக்கு ஊசி போடாதவளை நான் கட்டினேன். பதினாறு வருடம் குடித்தனம் நடத்தி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது இப்போது போடப் போகிறேன் என்கிறாள். நான் கட்டியது ஒன்று, கிடைக்கப் போவது ஒன்று என்றால் நியாயமா?

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் மாடிவீட்டுப் பூனை ஜன்னலிலிருந்து விழுந்தது. உங்கள் மகள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கிற மருத்துவமனைக்கு ஓடினாள். பூனை மறுநாள் திரும்பி வந்துவிட்டது, இவள் இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்க முந்நூறு மணி நேரம் மருத்துவமனை அனுபவம் வேண்டும், ஒவ்வொரு மணிக்கும் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சனி, ஞாயிறெல்லாம் அங்கேயே கிடந்தாள். வீட்டுக்கு வரும்போது கிருமிநாசினி வாசனை முதலில் வரும், அப்புறம் அவள் வருவாள். வாய் திறந்தால் "டாக்டர் சொன்னாங்க, டாக்டர் சொன்னாங்க." நானும் மனிதன்தானே மாமா? முப்பது வயதில் உயரமாக ஒருவனைக் கற்பனை செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஒரு நாள் நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன். அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள், ஒரு பக்கம் இறங்கின கண்ணாடியோடு, கன்றுக்குட்டிக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தார். முறையாகப் பொறாமைப்படக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. தொழில் புத்தி, கண்ணாடியை வாங்கிக் காம்பை வளைத்துச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத் தெரியுது" என்றார். தெரிந்ததும் யாரைப் பார்த்தார்? உங்கள் மகளை. "உங்க வீட்டம்மா கை இருக்கே, அது தனிக் கை. கடிக்கிற நாய்கூட அந்தக் கைபட்டா அடங்கிடுது." இருபது வருடமாக ஆயிரக்கணக்கான மூக்குகளில் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். என் கையைப் பற்றி ஒரு மூக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த வீட்டில் அந்தப் பழமொழி செல்லாது. இங்கே வாயில்லா ஜீவனுக்குத்தான் மரியாதை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது அவருடைய நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அது ஒரு வேளை சாப்பிடவில்லை. உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்து, வயிற்றை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்து, "எங்கடா கண்ணா வலிக்குது? இங்கயா? இங்கயா?" என்று கால் மணி நேரம் விசாரித்தாள். அதே நாள், அதே கூடம், அதே தரை. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "தைலம் அலமாரியில இருக்கு" என்றாள், தலையைக்கூடத் திருப்பவில்லை. நாய்க்குக் கால் மணி நேரம், எனக்கு மூன்று வார்த்தை. உங்கள் பேத்தி இதைப் பார்த்துவிட்டு, "அம்மா கவனிக்கணும்னா ஒண்ணும் சொல்லாம மூலையில போய்ச் சுருண்டு படுங்கப்பா. அது அப்படித்தான் பண்ணுது" என்று யோசனை சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாள் படுத்துப் பார்த்தேன். உங்கள் மகள் வந்தாள், நின்றாள், ஒரு நிமிடம் பார்த்தாள். "ஏங்க, கடைச் சாவியைத் தொலைச்சுட்டீங்களா?" என்றாள். சாவி தொலைந்தது உண்மைதான். ஆனால் அது வேறு விஷயம்.

அப்புறம் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் குதிரை எலும்புகள், குளியலறையில் கோழிக்கு வரும் நோய்கள், கட்டிலுக்கு எதிரில் பசுவின் உட்புறம். படத்தில் பார்த்தால் மனதில் நிற்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூடத்தில் நாலு காலில் நிற்கவைத்தார்கள். தாயும் மகளும் பேனாவை எடுத்துக்கொண்டு, பசுவுக்கு வயிற்றில் நான்கு அறை இருக்கிறதாமே, நான்கையும் என் மேல் வரைந்து, பெயர் எழுதி, "அசையாதீங்க, மாடு அசையாது" என்று மிரட்டி, அரை மணி நேரம் பாடம் நடந்தது. அந்த மை குளித்தால் போகாது என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை கடையில் கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கக் குனிந்தேன், சட்டை மேலே ஏறிவிட்டது. வாடிக்கையாகப் பத்து வருடமாக வருகிற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "முதல் இரைப்பை... என்னங்க இது, இடது பக்கம் மட்டும் எழுதியிருக்கு?" வலது பக்கத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லவா முடியும்?

இதெல்லாம் போகட்டும், மாத்திரை விவகாரத்தைக் கேளுங்கள். கல்லூரியில் நேர்காணலோடு செய்முறைத் தேர்வும் உண்டு. நாய்க்கு மாத்திரை கொடுத்துக் காட்ட வேண்டும். ஒரு கையால் தாடையைப் பிடித்து, தலையை நிமிர்த்தி, நாக்கின் கடைசியில் மாத்திரையை வைத்து, வாயை மூடி, தொண்டையைத் தடவிவிட வேண்டுமாம். பக்கத்து வீட்டு நாயை அடிக்கடி தொந்தரவு செய்யக்கூடாது, பாவம் என்று அதை என்னிடம் பழகிக்கொண்டாள். நான் பாவம் இல்லை போலிருக்கிறது. தினமும் காலையில் ஒரு புதினா மிட்டாய். விழுங்கினால் "சமத்து!" என்று தலையைத் தட்டுவாள். மாமா, கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைச் சமத்து என்று சொன்னது இந்த மிட்டாய்க் காலத்தில்தான். பொய் சொல்வானேன், நான் கொஞ்சம் அதற்கு ஏங்க ஆரம்பித்துவிட்டேன். அப்படி ஏங்கிக்கொண்டு வாயைத் திறந்த ஒரு காலையில், மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டு இருந்திருக்கிறது. ஒன்றில் என் மிட்டாய், இன்னொன்றில், அந்த வாரம் மறுபடி எங்களிடம் வந்திருந்த பக்கத்து வீட்டு நாயின் பூச்சி மாத்திரை. தொண்டையைத் தடவினாள், சமத்து என்றாள், தட்டைப் பார்த்தாள், "ஐயோ" என்றாள்.

யாரைக் கூப்பிட்டாள் என்று நினைக்கிறீர்கள்? மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறார். இவள் கன்றுக்குட்டி டாக்டருக்கு ஃபோன் போட்டாள். எடை என்ன என்று கேட்டார் அந்த அம்மாள். எங்கள் வீட்டு எடைக்கருவி ரிப்பேர். உடனே உங்கள் பேத்தி கன்றுக்குட்டிகளின் மார்பைச் சுற்றி அளந்து எடை பார்க்கிற நாடாவை எடுத்து வந்து என்னைச் சுற்றினாள். "நூத்திரண்டு கிலோ!" என்று கத்தினாள். நான் எழுபத்து நாலு என்று சொல்லச் சொல்ல, "நாடா பொய் சொல்லாதுப்பா" என்றாள். ஃபோனில் டாக்டரம்மாள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அவருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, தண்ணி குடிக்கச் சொல்லு. நாய்க்கு மறக்காம வேற மாத்திரை குடுத்துடு. அதுக்கு நாள் தவறக்கூடாது" என்றார். நான் சோபாவில் படுத்து நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, என் கண்ணெதிரில் நாய்க்கு மாத்திரை போயிற்று. ஒரே முயற்சி. "சமத்து!" என்றாள் அதையும். அதே குரல்.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். காத்திருக்கும் கூடம் முழுக்கப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "உங்க பொண்ணு உள்ள போயாச்சா?" என்று கேட்டார். பெண் இல்லை, மனைவி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கைப்பையை மாற்றி வைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து உங்கள் மகள் வெளியே வந்தாள். மேல்சட்டையெல்லாம் நாய் முடி, முழங்கையில் எச்சில், அந்த முகம் மட்டும்... மாமா, அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று பார்த்ததில்லை, குழந்தை பிறந்தபோது பார்த்ததில்லை, கடை திறந்த அன்றும் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது? நாய்மேல் பொறாமை, பூனைமேல் பொறாமை என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். உண்மையில் எனக்கு அவள்மேல்தான் பொறாமை. என் அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தார், நானும் வைத்திருக்கிறேன். இது வேண்டும், இது இல்லாமல் முடியாது என்று இருபது வருடம் மனதில் பூட்டி வைக்கும்படி எதன்மேலும் எனக்கு ஆசை வந்ததில்லை. அவளுக்கு வந்திருக்கிறது, போதாததற்குக் கிடைத்தும்விட்டது.

ஆகவே கேட்டுக்கொள்வது என்னவென்றால், தாங்கள் உடனே நாலு வரி எழுதி, "வேண்டாம்மா" என்று அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குப் பழக்கமான வார்த்தைதான், புதிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை. வயது, குடும்பம், பெண் குழந்தையின் படிப்பு, எந்தக் காரணம் வேண்டுமானாலும் எழுதுங்கள். என் இடுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் இப்படி எழுதியது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். மச்சானிடம், அவன் கேட்ட படிக்கிற கண்ணாடி தயார் என்று சொல்லவும். பெரியவர்கள் உங்கள் இருவரின் ஆசியும் எங்கள் தலைமேல் எப்போதும் போல இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பி.கு.: உறை தேடி அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். விண்ணப்பத்தோடு அவள் அனுப்பிய கட்டுரையின் நகல் இருந்தது. "வலியைச் சொல்ல முடியாத நோயாளியின் வலியை எப்படி அறிவீர்கள்? சொந்த அனுபவத்திலிருந்து எழுதுக" என்பது கேள்வி. நாயைப் பற்றி எழுதியிருப்பாள் என்று ஆத்திரத்தோடு பிரித்தேன். என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன்: "என் கணவர் இடுப்பு வலி என்றால் நான் அன்று அவரோடு சரியாகப் பேசவில்லை என்று அர்த்தம். தலைவலி என்றால் கடையில் யாரோ அவரை மதிக்கவில்லை. பல்வலி என்றால் மகள் கோபமாக இருக்கிறாள். வலி எங்கே என்று அவருக்கே தெரியாது. வாயால் சொல்வதை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும் என்று பதினாறு வருடமாக அவரிடம் கற்றுக்கொண்டேன். அந்தப் படிப்புதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது."

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். இரண்டு மணி நேரம் எழுதியாயிற்று, கை வலிக்கிறது. (இது நிஜமாகவே கை.) அதனால் அப்படியே அனுப்புகிறேன், நீங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். நாலு வரி மட்டும் மறக்காமல் எழுதுங்கள் மாமா, ஆனால் "போய்ப் படிம்மா" என்று எழுதுங்கள். இருபதாம் தேதிக்கு முன்னால் அவள் கையில் கிடைக்க வேண்டும். நீயே சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நான் சொல்லக்கூடாது. போய்விட்டு வா என்று நான் சொன்னால் அவள் அதைக் கேட்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டால் போகமாட்டாள்.