பாட்டுக் கேட்டால் பணம்

"ஏனுங்க சார், அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம்..."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாப்பாத்தி ஆரம்பித்ததுமே அர்த்தனாரி கையை உயர்த்தித் தடுத்தான்.

"சொல்லவே வேண்டாங்கக்கா. புரிஞ்சுடுச்சு."

புரியாமல் என்ன? சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பே திரண்டு வந்து இதே வாக்கியத்தை அவனிடம் சொல்லியிருக்கிறது. கடைசியில் சங்கத்தைக் கூட்டித் தீர்மானமும் போட்டுவிட்டார்கள். மனம் வெறுத்துப்போய், வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனியில் அனுமதி வாங்கி, ஆளுயர ஸ்பீக்கரை வேனில் கட்டி, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தபடி கொல்லிமலை ஏறி, குண்டூர் நாடு என்ற மலைக் கிராமத்தில் இந்த வாடகை வீட்டைப் பிடித்தான். சுற்றிலும் மரவள்ளிக் காடு. தீர்மானம் போட ஆளில்லை என்றுதான் நம்பினான்.

அவன் கேட்பது ப்ளூஸ். பெண்டாட்டியும் போய்விட்டாள், ரயிலும் போய்விட்டது என்று அமெரிக்காவில் யாரோ ஒருவர் அடிவயிற்றிலிருந்து புலம்ப, பக்கத்தில் ஒரு கிடார் 'உம்' கொட்டும். அர்த்தனாரிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் தினமும் பொழுது சாய்ந்ததும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுராத்திரி தாண்டியும் கண் கலங்குவான். இதை இயர்போனில் கேட்பது, பந்தியில் உட்கார வைத்து மோந்து மட்டும் பார்க்கச் சொல்வது மாதிரி என்பான்.

அவன் வந்த புதிதில் பாப்பாத்தியின் கணவர் செங்கோடன் ராத்திரியெல்லாம் தன் மரவள்ளிக் காட்டில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். சில நாளில் அந்தச் சத்தம் நின்றுபோனது. மனிதர் இசையை ரசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தனாரிக்குப் பெருமை. இப்போது அவருடைய மனைவியே வந்து நிற்கிறாளே என்று வருத்தமாக இருந்தது.

"அக்கா, இதுக்குச் சட்டம், சங்கம் எதுவும் வேண்டாம். என் பாட்டால உங்களுக்குத் தொந்தரவு. தொந்தரவுக்கு ஒரு விலை உண்டு. நாம ரெண்டு பேரும் பேசிப் படிஞ்சுட்டா முடிஞ்சுது. இதுக்குப் பேருதான் சுதந்திரச் சந்தை."

"சந்தை புதன்கிழமைங்களே."

"இது வேற சந்தைங்க. வாரம் எரநூறு ரூவா தர்றேன். பாட்டைப் பொறுத்துக்கறீங்களா?"

"ஐயோ, அதில்லீங்க சாமி, நான் வந்தது..."

"சரி, முந்நூறு."

பாப்பாத்தி அவன் நீட்டியதைப் பார்த்தாள். நோட்டுகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அன்று அர்த்தனாரி வழக்கத்தைவிட நிம்மதியாகக் கண் கலங்கினான்.

மறுநாள் விடியும்போதே அடுத்த காட்டுப் பொன்னாயி வந்துவிட்டாள்.

"எங்க ஊட்டுக்கும் நல்லாக் கேக்குதுங்க."

அர்த்தனாரிக்கு எரிச்சல் வரவில்லை, உற்சாகம் வந்தது. கம்பெனி கம்பெனியாக ஆன்லைனில் எக்செல் சொல்லிக்கொடுப்பவன் அவன். மனிதர்கள் அடித்துக்கொள்வதெல்லாம் ஷீட்டில் ஒரு கட்டம் குறைவதால்தான் என்பது அவன் கட்சி. உடனே ஒரு ஷீட்டைத் திறந்து பெயர், வீட்டின் தூரம், அங்கே செல்போனில் அளந்த சத்தம், தொகை என்று தலைப்புகள் போட்டான். பக்கத்தில் இருந்தால் அதிகம், தள்ளி இருந்தால் குறைவு. ஃபார்முலா அழகாக வேலை செய்தது.

ஆட்களும் வேலை செய்தார்கள். ஃபார்முலா ஊருக்குத் தெரிந்ததும் பொன்னாயி தன் ஆடுகளை ஓட்டிவந்து அவன் வேலியிலேயே கட்டினாள். மலையிலேயே இன்னொரு ஊரான ஆலத்தூர் நாட்டிலிருந்து அவள் நாத்தனார் பாயும் கையுமாக வந்து சேர்ந்தாள். சாயங்காலமானால் வாசலில் ஒரு கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஆதார் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்றான்.

"இருக்கட்டுங்க. பின்னால கேப்பாங்க" என்றாள் பொன்னாயி.

ஷீட்டின் அடியில் மொத்தத் தொகை சிவப்பாக மாறியது. அர்த்தனாரி அசரவில்லை. விலை ஏறினால் அதை இறக்கப் போட்டி வேண்டும். எல்லாரையும் கூப்பிட்டு ஏலம் வைத்தான்.

"யாரு கொறைச்சுக் கேக்கறீங்களோ அவங்களுக்குத்தான் பணம். ம், கேளுங்க!"

கூட்டம் பலாமரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பியது.

"ஆளுக்கு அம்பது ரூவா சேத்திக் குடுங்க" என்றாள் பாப்பாத்தி.

"ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போடணுங்கக்கா!"

"எதுக்குங்க போட்டி? எல்லாரும் பங்காளிங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல மூஞ்சியைப் பாக்க வேண்டாமுங்களா?"

இந்த நிலைமைக்கு அவன் படித்த எந்தப் புத்தகத்திலும் அத்தியாயம் இல்லை. கடைசி வழியாகச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான். சத்தம் குறைந்தால் தொகையும் தானாகக் குறையும். மறுநாளே பாப்பாத்தி வந்தாள்.

"சத்தம் பத்தலீங்க சார். எங்க காட்டு அந்தக் கோடிக்குக் கேக்கவே மாட்டேங்குது."

கோடிக்கும் காசு கேட்கிறார்கள்! அர்த்தனாரிக்கு ஆத்திரம் பொங்கியது. சம்பளத்தில் பாதி வேலியோரம் போய்விட்டது. அன்று சாயங்காலம் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி மடித்து வைத்தான். பணமும் கிடையாது, பாட்டும் கிடையாது என்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பினான். இயர்போனில் ஒரு பாட்டு போட்டுப் பார்த்தான். ரயிலைப் பறிகொடுத்த பாடகர் கொசு மாதிரி முனகினார். மலை ஏறி வந்ததற்கு இருந்த ஒரே சந்தோஷமும் போய்விட்டதே என்று அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மறுநாள் காலையில் ஸ்பீக்கரை ஒரு வியாபாரிக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சென்னைக்குப் பெட்டியைக் கட்டினான்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செங்கோடன் வந்து நின்றார். கால் முழுக்கச் செம்மண். முகத்தில் தூக்கமில்லை.

"மோசம் போயிட்டோமுங்க சார். ராத்திரி காட்டுப்பன்னி எறங்கி மரவள்ளியைப் பூராத் தோண்டிப் போட்டுடுச்சுங்க."

"அடடா! அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?"

"பாட்டை நிறுத்திட்டீங்களே. அந்த ஆளு அழுவுறதைக் கேட்டா பன்னி இந்தப் பக்கமே வராதுங்க. அதை நம்பித்தானே நான் தகரத்தையே எடைக்குப் போட்டுட்டேன்!"

அர்த்தனாரி பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்புறம் எதுக்குங்க எல்லாரும் காசு வாங்குனீங்க?"

"ஏதோ கவர்மெண்டுத் திட்டம்னு நெனச்சோமுங்க. குடுக்கறதை வேண்டாம்னா அடுத்த தடவை பேரை எடுத்துடுவாங்கல்ல?"

"அண்ணா, மொத நாளே பாட்டை நிறுத்தச் சொல்லி உங்க சம்சாரம் வந்தாங்களே!"

"நிறுத்தவா?" என்றார் செங்கோடன். "சத்தத்தைக் கூட்டி எங்க காட்டுப் பக்கம் திருப்பி வைங்க, மாசாமாசம் நாங்க ஒரு தொகை குடுத்துடறோம்னு சொல்லத்தானுங்க அவளை அனுப்பி வெச்சேன்."