சொட்டு அண்ணன் பூசிய வெள்ளை ஷூ

தண்ணீரைக் கண்டால் குடிக்கிறவர்கள் உண்டு, குளிக்கிறவர்கள் உண்டு, பயந்து ஓடுகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள சகல பொருள்களையும் விசாரணை செய்தவர் என் அறிவுக்கு எட்டிய வரையில் ஒருவர்தான். அவரோடு ஒரே கூரைக்குக் கீழே நான் வேலை பார்த்தேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைக் கேட்டதில்லை. பாறசாலை சந்தையிலிருந்து குளத்தூர் வரைக்கும் அவர் சொட்டு அண்ணன். பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் ஆளுக்குத் தலை சொட்டை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால் ஊருக்கே பங்கு வைக்கலாம் என்பது போல முடி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னக் குப்பி இருக்கும். அதில் வெறும் வெள்ளம். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். யாரும் படகு தேட வேண்டாம்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு தோல் பட்டறையில். வாணியம்பாடியிலிருந்து பதனிட்ட தோல் வரும். அதற்கு நிறம் பூசி, பளபளப்பேற்றி, செருப்பும் ஷூவும் பையும் செய்வோம். நான் தையல் மெஷினில் இருந்தேன். சொட்டு அண்ணனுக்குப் பூச்சு வேலை.

பதனிடும்போது தோல் விறைத்துப் போகாமல் இருக்க அதற்கு எண்ணெய் ஊட்டுவார்கள். சில தோலில் அந்த எண்ணெய் கூடிப்போய் மேலே கசிந்து நிற்கும். அதன்மேல் என்ன பூசினாலும் பிடிக்காது, வெயிலில் சுட்ட முதுகு மாதிரி உரிந்து வரும். அதனால் அண்ணன் பூசுவதற்கு முன்னால் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். சொட்டு பரந்து உள்ளே இறங்கினால் “குடிக்குது” என்பார், பூசலாம். முத்துப் போல உருண்டு நின்றால் “உருளுது” என்பார். ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டும். நல்ல பழக்கம்தான். தோலோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆரியங்கோட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒருநாள் கண்டக்டர் கீழே விழுந்த சில்லறையை எடுக்கக் குனிந்தார். நல்ல வழுக்கைத் தலை. அண்ணனுக்குக் கை பொறுக்கவில்லை. சொட்டு விட்டார், அது தலையில் ஒரு சுற்றுச் சுற்றி, காதோரமாக இறங்கியது. ரப்பர் தோட்டத்தின் நடுவில் இறக்கிவிடப்பட்டு, நடந்தே பட்டறைக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்கு அனுதாபம். அவருக்கோ பரிசோதனை முடிந்த திருப்தி. அந்த மனுஷருக்கு எண்ணெய் கூடுதலாக்கும், சாயம் அடித்தால் பிடிக்காது என்றார்.

கோட்டுகால் என்கிற ஊரில் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா தன் வீட்டுத் தேக்கு மேசையைப் பற்றி நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அண்ணன் காப்பியை வைத்துவிட்டு மேசையில் ஒரு சொட்டு விட்டு, குனிந்து பக்கவாட்டில் பார்த்து, இது தேக்கு இல்லை, மேலே ஒட்டிய பளபளத் தாள் என்று அறிவித்தார். அந்தச் சம்பந்தம் அந்தச் சொட்டோடு முடிந்தது. பெண்ணைப் பற்றி அவரிடம் கேட்டோம். பெண் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

பட்டறை இருந்தது பத்து சென்ட் இடத்தில். அதனால் எங்கள் முதலாளிக்குப் பத்துசென்ட் முதலாளி என்று பேர். அவருடைய அப்பா காலமெல்லாம் வேறொருவருடைய தென்னை விளையில் குடிசை போட்டு இருந்தவர். நிலச் சட்டம் வந்தபோது குடியிருந்தவர்களுக்கு அந்த மண் சொந்தமானது. மற்றவர்கள் மரச்சீனிக் கிழங்கு நட்டார்கள். இவர் கொட்டகை போட்டார். கல்ஃபுக்கு ஆள் போகத் தொடங்கியிருந்த காலம். விசா வந்தவன் முதலில் தேடுவது ஒரு பை, ஒரு ஜோடி ஷூ. முதலாளிக்கு நல்ல வியாபாரம், அதைவிட நல்ல கோபம். அந்தக் கோபத்தில் பாதி சொட்டு அண்ணனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. தோலுக்குக் கண்ணாடிப் பளபளப்பு வர முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசித் தேய்க்கிற ஒரு வழி உண்டு. அண்ணனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தபோது தோலுக்கு வெள்ளைக்கரு, எங்களுக்கு மஞ்சள்கரு என்று ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. பட்டறையில் எல்லோரும் உருண்டு திரண்டோம். அடுத்ததாகப் பாலைத் திரியவைத்து அதிலிருந்து பசை எடுத்துப் பூசினார். அந்த ஷூக்களை எல்லாம் ஊர்ப் பூனைகள் நக்கிவிட்டுப் போயின. முதலாளி வாசலில் கம்போடு காவல் இருந்தார், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு.

இப்படி இருக்கையில் முதலாளியின் ஒரே மகள் ஷீலாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஆல்பர்ட் மஸ்கட்டில் ஒரு கார் பட்டறையில் ஃபோர்மேன். கல்ஃப்காரர்களின் கல்யாணத் தேதியைக் குறிப்பது போதகரும் இல்லை, பெண் வீட்டாரும் இல்லை. அங்கே இருக்கிற அரபி முதலாளி. அவர் எப்போது லீவு தருகிறாரோ அப்போது முகூர்த்தம். ஆல்பர்ட்டுக்கு லீவு கிடைத்தது ஜூன் மாதம், சரியான இடவப்பாதி மழையில்.

மாப்பிள்ளை வெள்ளை கோட்டும் வெள்ளை பெல்பாட்டமும் தைத்து வைத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மாமனார் ஷூ செய்கிறவர், ஆகவே ஒரு வெள்ளை ஷூ வேண்டும். கிறிஸ்தவக் கோயில் படி ஏறுகிற வரைக்கும் அதில் ஒரு பொட்டுச் சேறு ஒட்டக் கூடாது. எங்கள் ஊர்ச் சேறு எப்படிப்பட்டது தெரியுமா? செங்கல் சூளைக்காரர்கள் ஆசையோடு பார்க்கிற சேறு. முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, ஆகட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதல் ஜோடி முட்டை ஓடு மாதிரி விண்டது. இரண்டாவது ஜோடியை முதலாளி தன் காலில் மாட்டி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். போன வழியெல்லாம் வெள்ளைச் செதில் உதிர்ந்து, ஆள் எங்கே போனார் என்று யாரும் பின்னாலேயே வந்து கண்டுபிடிக்கும்படி ஆயிற்று. மகள் கல்யாணம், ஊர் முழுக்க வரப்போகிறது. முதலாளி திட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

சொட்டு அண்ணன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“முதலாளி, தோலுக்க மொகத்துல எண்ணெ உண்டு. அதைப் போக்காம மேல எத்தனை பூசினாலும் நிக்காது. எனக்கு ரெண்டு நாள் தாருங்கோ.”

அந்த இரண்டு நாளும் பட்டறையில் அடித்த ஸ்பிரிட் வாடைக்கு, சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். அண்ணன் அவருடைய பூட்ஸில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, நல்ல பாலிஷ் என்று பாராட்டி அனுப்பினார். துடைத்து, மறுபடி துடைத்து, சொட்டு இறங்கும் வரை துடைத்து, பிறகு மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்த பின் இன்னொன்று. மூன்றாவது ஜோடி பால் மாதிரி வந்தது. நகத்தால் சுரண்டினாலும் உரியவில்லை. நான் தைத்த ஷூ என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது, அவ்வளவு அழகு.

அதோடு விட்டிருக்கலாம். மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். கார் மேலே தேய்த்தால் மழை நிற்காமல் ஓடிவிடுமாம். அண்ணனிடம் அதைக் கொடுத்தார். அண்ணன் ஒரு துளி தேய்த்துப் பார்த்தார். வெள்ளம் பாதரசம் மாதிரி உருண்டு ஓடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஷூ முழுக்கத் தேய்த்தார். கடைசியில் திருப்பிப் பிடித்து அடியிலும் தேய்த்தார். அடியில் எதற்கு என்று கேட்டேன்.

“சேறு மேல இருந்தா மக்கா விழுது? கீழ இருந்துல்லா கேறுது.”

சேறு ஏறுவது கீழேயிருந்துதான் என்று நாங்களும் தலையை ஆட்டினோம்.

கல்யாணத்தன்று வானம் பொத்துக்கொண்டது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி, கோயில் முற்றத்துச் செஞ்சேற்றில் காலை வைத்தார். ஊரே அந்தக் காலைப் பார்த்தது. எடுத்த கால் வெள்ளைவெளேரென்று வந்தது. சேறு ஒட்டப் பார்த்து, முடியாமல், வழிந்து விழுந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற சொட்டு அண்ணன் தானே பெண் வீட்டாருக்கு மூத்தவர் போல நின்றார்.

கோயில் தரை சிவப்பு சிமென்ட். கல்யாணத்துக்காகப் பெண்கள் சங்கத்தார் மெழுகு போட்டு முகம் பார்க்கிற மாதிரி தேய்த்து வைத்திருந்தார்கள். பாட்டு தொடங்கியது. மாப்பிள்ளை வாசற்படி தாண்டி வலது காலை எடுத்து வைத்தார்.

அவர் விழவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் பிரயாணம் செய்தார். ரயில் பிளாட்ஃபாரத்தை விட்டுக் கிளம்புகிற மாதிரி, நின்ற நிலையில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவழியே போனார். தோழன் எட்டிப் பிடித்தான். அவனையும் கூட்டிக்கொண்டு போனார். பாட்டுக்காரர்கள் முதல் சரணத்தில் இருக்கும்போதே மாப்பிள்ளை போதகரின் காலடியில் இருந்த கம்பித் தடுப்பைக் கட்டிப் பிடித்து நின்றார்.

பாட்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளையின் மாமா எழுந்து, எங்கள் பையனை அவமானப்படுத்தவே இப்படிச் செய்திருக்கிறார்கள், இந்தச் சம்பந்தம் வேண்டாம், எலே ஆல்பர்ட் இறங்கு என்றார். முதலாளியின் முகம் அந்த ஷூவை விட வெளுத்தது. கம்பித் தடுப்பின் அருகே முன்னமே வந்திருந்த ஷீலா முக்காட்டுக்குள் அசையாமல் நின்றாள். ஆல்பர்ட்டும் கோபத்தில்தான் இருந்தார். திரும்பிப் போகத்தான் பார்த்தார். ஆனால் கோபித்துக்கொண்டு வெளியேறுவதற்காவது காலுக்கு ஒரு பிடி வேண்டும். அவர் திரும்பினால் இடது கால் ஒரு பக்கம், வலது கால் ஒரு பக்கம். மறுபடியும் கம்பியைப் பிடித்தார். மாமா கூப்பிடக் கூப்பிட இவர் அங்கேயே நீந்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஷீலா முக்காட்டை விலக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

“இந்தாங்க, இதைப் பிடிச்சு நில்லுங்க. கம்பி ஆடுது.”

ஆல்பர்ட் பிடித்தார். கால் நின்றது. சொட்டு அண்ணன் வெறுங்காலோடு உள்ளே வந்து, மாப்பிள்ளையின் காலடியில் முட்டுப் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லி ஷூவின் அடியைச் சுரண்டத் தொடங்கினார். கோயில் முழுக்க அந்தக் கரகர சத்தம் மட்டும். சுரண்டி முடித்து, பழக்கதோஷம், குப்பியை எடுத்து அடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

“குடிக்குது மாப்ள. இனி நிக்கும். தப்பு எனக்கதாக்கும், பெண்ணுக்கது இல்ல.”

ஆல்பர்ட் அவரைப் பார்த்தார், ஷீலாவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அதன் பிறகு கோயிலே சிரித்தது, போதகர் உட்பட. மாமா மட்டும் கொஞ்ச நேரம் எதிர்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். கைதான் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதே, வாக்குறுதியைச் சொல்லிவிடலாம் என்றார் போதகர்.

விருந்து முடிந்ததும் முதலாளி அண்ணனைத் தனியே கூப்பிட்டு, இனி பட்டறைப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆல்பர்ட்டுக்கோ அந்த ஷூ மேல் ஒரே காதல். மீன் குழம்பு சிந்தியும் கறை பிடிக்கவில்லை. மஸ்கட் போனதும் தன் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கச் சொட்டு அண்ணனுக்கு விசா அனுப்பினார். அண்ணன் நாங்கள் செய்த பையோடு விமானம் ஏறினார். முதலாளி வழியனுப்ப வரவில்லை. அன்றைக்கு எல்லோரையும் சேர்த்துத் திட்டினார்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் திரும்பி வருகிறார் என்று ஷீலா மூலம் செய்தி வந்தது. அங்கே வேலை எல்லாம் நன்றாகத்தான் செய்தாராம். ஆனால் அந்த வெயிலில் வெள்ளம் விட்டால், குனிந்து பார்ப்பதற்குள் காய்ந்து போகிறதாம். இப்படி ஒரு ஊரில் மனுஷன் எப்படி இருப்பது என்று கேட்டாராம். அரபி முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

மறுநாள் முதலாளி ஒரு டாக்சி பிடித்தார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தையல் நூல் வாங்க வேண்டும், நிறம் பார்க்க நீயும் வா என்று என்னையும் ஏற்றினார். கார் கடைத்தெருவைத் தாண்டி நேரே விமான நிலையத்துக்குப் போனது.

அண்ணன் மெலிந்து, கறுத்து வந்தார். முதலாளி அவரைப் பின்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திட்டத் தொடங்கினார். கிடைத்த வேலையை விட்டு வருகிறவன் மனுஷனா என்றார், ஷூவைச் சொன்னார், பூனைகளைச் சொன்னார், முட்டைகளைச் சொன்னார். நெய்யாற்றின்கரை தாண்டியும் ஓயவில்லை. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். முன்சீட்டுக் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. ஏறிய நேரத்திலிருந்து முதலாளி அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பாறசாலை வந்து கார் நிற்கிற வரைக்கும் அந்தக் கையை அவர் விடவில்லை. நான் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன், என் கண்ணை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று.