தட்டு மாறாததற்கு மெஷினே காரணம்

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய வனமாமலை அவர்களுக்கு,

முதலில் ‘சம்பந்தி’ என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, பெயரைப் போட்டிருக்கிறேன். அடித்த சொல் கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிகிறது என்பதை நானும் அறிவேன். அதை மறுபடி எழுத எனக்கு உரிமை உண்டா என்பதுதான் இந்தக் கடிதத்தின் பொருள். வரப்பில் வழுக்கி முறிந்த தங்கள் கணுக்கால் கூடிவருவதாகத் தங்கள் மகன் சக்திகுமார் சொன்னார், கேட்டு நிம்மதி. இங்கே நானும் என் மனைவி சுந்தராம்பாளும் மகன் லோகேஷும் உடம்பளவில் நலம். மகள் ஐஸ்வர்யா ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. டப்பாவை எடுக்கிறாள், கம்பெனி பஸ் ஏறுகிறாள், ஷிப்ட் முடிந்து வருகிறாள், படுக்கிறாள். தங்கள் மகன் நேற்று போன் செய்து, “மாமா, கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டிருந்தேன். தேதி உண்டுமா இல்லியான்னு சூப்பர்வைசர் தினமும் கேக்காரு. என்ன சொல்லட்டும்?” என்றார். பதில் தங்களிடம் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

தாங்கள் கட்டிலில் காலை நீட்டியிருந்ததால் நிச்சயதார்த்தத்துக்குத் தங்கள் அண்ணன் உச்சிமாகாளி அவர்களும் அண்ணியார் இசக்கிசெல்வி அம்மாளும் முன்னின்று வந்தார்கள். வந்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில், தட்டு மாற்றாமல், திரும்பிப் போனார்கள். நடந்ததை அவர்கள் தங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டு நிருபராக இருந்தவன். ஒரு தரப்பை மட்டும் கேட்டு ஒரு வரி கூட எழுதியதில்லை. மறு தரப்பு இதோ. சுருக்கமாகச் சொன்னால், குற்றவாளி மனிதர் எவருமல்ல. கம்ப்ரஸர், லிமிட்டர் என்று இரண்டு வேலைகளைச் செய்யும், பிஸ்கட் டின் அளவுள்ள ஒரு மெஷின்.

அதை ஏன் வாங்கினோம் என்று தாங்கள் கேட்பது நியாயம். பெண் பார்க்க வந்த அன்று தங்கள் அண்ணன் எங்கள் வாசலில் நின்று “வணக்கம்” என்றார். கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடியது, மாலையில்தான் கிடைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அளவாகச் சொல்கிறேன். என் குரலோ நேர்மாறு. பக்கத்தில் நிற்கும் வேற்றுப் பத்திரிகைக்காரர் காதில் விழக் கூடாதென்று வாயைக் கையால் மூடிக்கொண்டே போனில் செய்தி சொல்லிப் பழகியவன். லக்னப் பத்திரிகையை நான் வாசிக்க வேண்டும், தங்கள் அண்ணன் ஆமோதித்துப் பேச வேண்டும். ஒருவர் பேசினால் பின்வரிசை தூங்கும், மற்றவர் பேசினால் ஸ்பீக்கர் பெட்டி கிழியும். லோகேஷ் ஆலை வேலை போக, லீவு நாட்களில் மைக் செட் வாடகைக்கு விடுகிறான். அவன்தான் இந்த மெஷினைக் கொண்டுவந்தான்.

“நைனா, இது ரொம்ப சிம்பிளு,” என்றான். “பெரிய சத்தம் வந்தா அமுக்கும். அப்பறம் மொத்தத்தையும் தூக்கி வுடும். அதோட சேந்து சின்ன சத்தமும் மேல வந்துடும். லிமிட்டர்னா ஒரு கோடு. எவன் எவ்ளோ கத்தினாலும் அந்தக் கோட்டத் தாண்டாது.”

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் செய்தி ஆசிரியர் இப்படித்தான். நான் ஐந்து பக்கம் எழுதிய வெள்ளச் செய்தியை ஐந்து வரி ஆக்குவார். இரண்டு வரியில் அனுப்பிய பஸ் பழுதுக்குப் பெட்டி கட்டித் தலைப்பு போடுவார். முடிவில் எல்லாம் ஒரே உயரம்.

முந்தின நாள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். சம்பந்தி (மன்னிக்கவும், கை பழகிவிட்டது), அன்று எங்கள் வீடு வீடாகவே இல்லை. நான் மைக்கில் ரகசியம் பேசினேன், லோகேஷ் கத்தினான். மீட்டரில் இருவருக்கும் முள் ஒரே இடத்தில் நின்றது. பூனை நடந்தது கேட்டது. சுந்தராம்பாள் கடுகு தாளித்தபோது பக்கத்து வீட்டுத் தாயாரம்மாள், “இன்னாடி, இப்பவே சரவெடியா?” என்று ஓடிவந்தாள். சுந்தராம்பாள் மைக்கைப் பிடுங்கி, மூன்றாவது வீட்டு பூஜாவிடம் மூச்சுக்காற்றளவில் கறிவேப்பிலை கேட்டாள். இரண்டு நிமிடத்தில் கறிவேப்பிலை வந்தது, கூடவே தெருவும் வந்தது. இப்போது ஒன்பது நாளாகப் பேசாத ஐஸ்வர்யா அன்று சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மகிழ்ச்சியில் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. இந்த மெஷின் எது முக்கியம் என்று பார்ப்பதில்லை. வாசிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தினால், அமுக்கிய பிடி மெல்லத் தளரும். அந்த இடைவெளியில் பக்கத்தில் எது கிசுகிசுக்கிறதோ அது மேலெழும்பி மேடையேறிவிடும்.

இனி சம்பவம். மண்டபம், காலை பத்து நாற்பத்திரண்டு. என் சட்டையில் குட்டி மைக் குத்தியிருந்தது. தங்கள் அண்ணன் கையில் ஒரு மைக். நான் பத்திரிகையில் மணமகன் பெயர், தகப்பனார் பெயர், ஊர் நாங்குநேரி என்பது வரை பிழையின்றி வாசித்து, கண்ணாடியைச் சரிசெய்ய நிறுத்தினேன். சுந்தராம்பாள் என் தோளில் சாய்ந்து காதில் ஏதோ சொன்னாள். அது என் காதுக்கு வருமுன் நான்கு பெட்டிகளிலும் வந்துவிட்டது.

“இன்னாங்க இது, நிச்சயப் பொடவன்னு சொல்லிக்கினு ஜன்னல் ஸ்க்ரீன எட்தாந்துகீறாங்க!”

அது தங்கள் மனைவியார் கனகலட்சுமி அம்மாள் கடை கடையாய் ஏறித் தேர்ந்த புடவை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நான் பதறிப்போய் பதில் பேச வாய் திறக்குமுன் எதிர்த்தரப்பிலிருந்து இன்னொரு குரல் பெட்டிகளில் எழுந்தது. தங்கள் அண்ணியார், கணவர் பக்கம் குனிந்து:

“ஆமா, இவுஹ பெரிய இவுஹ. காலைல இலைல ஊத்துனாவளே, சாம்பாராம்லா! நான் கை கழுவ வச்ச வெந்நீன்னு நெனச்சிட்டேன்.”

நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் அதற்கு லிமிட்டர் கிடையாது. தங்கள் அண்ணன் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “ஏ, யாருவே அது! எங்க வீட்டுச் சேலைய ஜன்னல் துணிங்கது யாரு? மரியாதன்னா என்னன்னு தெரியுமாவே உங்களுக்கு?” என்று இடித்தார். முன்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு பின்வாங்கினார்கள். ஆனால் பெட்டியில் வந்ததோ, ரயில் தாமதத்துக்கு வருந்தும் அறிவிப்பைப் போல ஒரு சாந்தமான முனகல். பந்தி நடந்த கூடத்துக்குப் பெட்டிச் சத்தம் மட்டும்தான் எட்டும். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மாப்பிள்ளையின் பெரியப்பா நன்றியுரை சொல்கிறார் என்று எண்ணி, இடது கையால் தொடையில் தட்டிக் கரகோஷம் செய்தார்கள். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். கரகோஷமும் கூடியது.

நான் சாட்சியாகச் சொல்கிறேன், அவர் புடவைக்காகப் போகவில்லை. சாம்பாருக்காகவும் போகவில்லை. “பொம்பளைய குசுகுசுத்தா ஊரு பூரா கேக்கு. நான் தொண்ட கிழியக் கத்துதேன், கைதட்டுதானுவ! எங்க குரல அமுக்கதுக்குன்னே மெஷின் வச்சிருக்காம்ல! தட்ட எடுளா, செல்வி!” என்றார். தட்டு போனது. பின்னால் பழம், பூ, வேன் எல்லாம் போயின. நேரம் பத்து ஐம்பத்தொன்று. ஒன்பது நிமிடத்தில் ஒரு கல்யாணமும் போனது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். எங்கள் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரின் குரலை அமுக்கவில்லை, மெஷின் அமுக்கியது. என் மனைவி தங்கள் புடவையைச் சபையில் இகழவில்லை. காற்றில் கரைய வேண்டிய ஒரு மூச்சை மெஷின் தூக்கிவிட்டது. அண்ணியார் சொன்னதும் அப்படியே. ஒரு இயந்திரத்தின் கோளாறுக்காக, மூன்று ஆண்டு ஒரே பஸ்ஸில் வந்துபோய் மனம் ஒத்த இரண்டு பிள்ளைகளைப் பிரிக்கலாமா? தாங்கள் நேரில் வந்து தட்டு மாற்றுங்கள். மைக்கே இருக்காது. அண்ணன் அவர்கள் எவ்வளவு உரக்கவும் பேசலாம். ஆட்டை ஏரிப் பக்கமே கட்டிவிடுகிறேன்.

தங்கள் கால் விரைவில் தரையில் ஊன்றவும், அந்தக் காலோடு தாங்கள் எங்கள் வாசல் ஏறவும் எல்லாத் தெய்வங்களையும் வேண்டுகிறேன். கனகலட்சுமி அம்மாளுக்கு என் வணக்கம். அண்ணன் அவர்களுக்கு இரண்டு வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
அண்ணாதுரை

பின்குறிப்பு – திருத்தம்:

உறையை ஒட்டுமுன் தொழில்நுட்ப விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி லோகேஷிடம் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “எல்லாம் கரீட்டா எழுதிகீற நைனா. ஆனா அன்னிக்கு மெஷின் வேல செய்யல. தவில்காரர் வந்து ‘என் அடிய அமுக்கறியா’ன்னு சண்ட போட்டாரு. அதான் பைபாஸ் பட்டன அமுக்கினேன். சத்தம் மெஷினத் தொடாம நேரா போய்டும். அப்பறம் எட்க்க மறந்துட்டேன். லைட்டு மட்டும் எரிஞ்சிகினு கெடந்துச்சி.”

பிழையென்று தெரிந்த பிறகு திருத்தம் போடாமல் இருக்க என்னால் முடியாது. ஆகவே: என் மனைவி பேசியது என் மனைவியின் சொந்தக் குரல், என் சட்டை மைக்கின் மேலேயே சாய்ந்து பேசியிருக்கிறாள். அண்ணியார் பேசியதும் அவர் சொந்தக் குரலே. அண்ணன் மடியில் நிமிர்த்தி வைத்திருந்த மைக்குக்கு நேராகக் குனிந்திருக்கிறார். அண்ணன் அவர்கள் கோபம் வந்தால் கையை வீசிப் பேசுகிறவர். கத்தும்போது மைக் அவர் இடுப்புக்குக் கீழே இருந்ததாக வீடியோ எடுத்தவர் உறுதி செய்கிறார். மெஷின் நிரபராதி.

இதை சுந்தராம்பாளிடம் சொன்னேன். “அப்போ அந்தம்மா சாம்பார் பத்தி சொன்னது நெஜமாவே அந்தம்மா சொன்னதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அட! சமையல்காரன்கிட்ட நானும் அதத்தானே சொல்லிச் சண்ட போட்டேன். போன எடு” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பதினோரு மணிக்குத் தொடங்கி இப்போது ஒன்றாகப் போகிறது. இரண்டு அம்மாள்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் புடவையைப் பற்றி அண்ணியார் கடையிலேயே அதே கருத்தைத் தெரிவித்தாராம் (இதைத் தாங்கள் கனகலட்சுமி அம்மாளிடம் சொல்ல வேண்டாம்). இரண்டு பக்கமும் சிரிக்கிற சிரிப்பில் நான் இதை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐஸ்வர்யா வந்து, “நைனா, டீ வேணுமா?” என்றாள்.

தட்டு மாற்றப் போனிலேயே தேதி குறித்தாகிவிட்டது என்று தெரிகிறது. சக்திகுமார் லீவுக்கு எழுதிக் கொடுத்தும்விட்டாராம். மேலே உள்ள பக்கங்களைத் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. எனக்குத்தான் இன்னும் யாரும் தேதி சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு வரி எழுதவும், சம்பந்தி.