ஆளுக்கு இரண்டு

"சீக்கிரம் சொல்லுங்க சார். பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார் காமிக்ஸ் கடைக்காரர்.

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் உண்மையாகவே ஓர் ஆள் நின்றார். அந்த ஆளுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர்களின் அமைதி எல்லோர் முகத்திலும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் வியர்த்தது.

மேஜைமேல் இந்த மாதத்துப் புதுப் புத்தகங்கள் நான்கு, பளபளக்கும் உறைக்குள் கிடந்தன. கடலடி ரயில். சாம்பல் ராணி. தூங்காத பூனை. பனிமலைத் தபால்காரன். மேலே ஓர் அட்டை தொங்கியது: 'முதல் நாள் ஆளுக்கு இரண்டு மட்டும். உறையைப் பிரிக்கக் கூடாது. விற்றது திரும்ப வாங்கப்படாது.'

அவர் பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். "இது தெளிவா, அது தெளிவா? முதல்ல பாத்ததா, இப்ப பாக்கிறதா?" என்று காலையிலிருந்து மாலை வரை ஊரையே கேட்பது அவர் வேலை. பதில் சொல்லத் திணறுகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்ததும் உண்டு. இப்போது நான்கு அட்டைகளும் அவரைப் பார்த்து அதையே கேட்டன. நான்கும் ஒரே மாதிரித் தெளிவாகத்தான் இருந்தன.

"யாருக்கு சார்?" கடைக்காரர் கேட்டார்.

"ஒரு சின்னப் பொண்ணுக்கு."

"உங்க பொண்ணா?"

இந்த நாலு மாதத்தில் இந்தக் கேள்வியை வீட்டுச் சொந்தக்காரர் கேட்டிருக்கிறார், பள்ளிக்கூட வாசலில் கேட்டிருக்கிறார்கள், பல் டாக்டர்கூடக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் மனைவி பக்கத்தில் நின்று பதில் சொல்லிவிடுவாள். இன்று பக்கத்தில் யாருமில்லை.

"தெரிஞ்ச பொண்ணு" என்றார். சொன்னதும் காது இரண்டும் சுட்டன.

என் பொண்ணு என்று சொல்ல அவருக்கு ஆசைதான். ஆனால் அந்தப் பொண்ணு ஒத்துக்கொள்ள வேண்டுமே. அவளுடைய அம்மாவை அவர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் கிடையாது. அப்பா இல்லை, அங்கிள் இல்லை, ஒன்றுமே இல்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "அம்மா, தண்ணி வேணுமான்னு கேளு" என்பாள். அவசரமாகக் கூப்பிட வேண்டியிருந்தால் இருமுவாள். போன வாரம் அந்த இருமல் அதிகமாகப் போய் அம்மா மருந்து வாங்கி வந்துவிட்டாள். பாவம், பத்து வயசுப் பெண் அதையும் வாய் பேசாமல் குடித்தாள்.

இன்று காலை, கணுக்காலில் மாவுக்கட்டுடன் சோபாவில் கிடந்தபடி, சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, இன்னைக்குப் புது புக் வருது. என்னால போக முடியாது."

"நான் வாங்கிட்டு வரேன்" என்றார் அவர்.

"எதுன்னு கேட்டுக்கோங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாதா? நாலு மாசமா பாத்துட்டுத்தானே இருக்கேன்."

அப்போதுதான் அது நடந்தது. அவள் சுவரை விட்டு அவரைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குள். "நிஜமா தெரியுமா?" என்றாள். இடையில் அம்மாவை வைக்காமல் அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியும்" என்று சொல்லிவிட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்தப் பார்வை திரும்பச் சுவருக்கே போயிருக்கும்.

"சார்" என்றார் கடைக்காரர்.

"பூனை" என்றார் கண்ணாடிக்காரர். "அப்புறம் ராணி. பொம்பளப் பிள்ளைதானே, ராணி பிடிக்கும்."

வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மூச்சு சீரானது. நிம்மதி தெருமுனை வரை நீடித்தது. அங்கே அவள் வயசுப் பெண்கள் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் கையிலும் ரயிலும் தபால்காரனும். பூனையை ஒருத்தி கையிலும் காணோம்.

திரும்பி ஓடினார்.

"மாத்திக் குடுங்க. நான் உறையைத் தொடக்கூட இல்ல."

கடைக்காரர் தலைக்கு மேலே தொங்கிய அட்டையைக் காட்டினார்.

"சரி, வேற ரெண்டு குடுங்க."

"ஆளுக்கு ரெண்டு சார். நாளைக்கு வாங்க."

"நாளைக்கு இருக்குமா?"

"நாளைக்கு இந்த மேஜை இருக்கும்." பிறகு மனசு இளகி, "அந்தத் தெரிஞ்ச பொண்ணு கோவிச்சுக்குமா?" என்றார்.

"கோவிச்சா பரவால்ல. கோவிக்காது. 'தேங்க்ஸ்'னு சொல்லிட்டு ஓரமா வச்சுடும். அதான் பயமா இருக்கு."

கடைக்காரருக்குப் புரியவில்லை. அவர் அடிக்கடி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு இரண்டு என்றால், தேவை இன்னொரு ஆள். அவர் வேலைக்குத் திரும்பியபோது, கண்ணாடிக் கடையில் பரிசோதனைக்கு வந்த தாடிக்காரர் ஒருவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், மாதாமாதம் வருகிறவர்.

"அண்ணே, ஒரு உதவி. பக்கத்துத் தெரு வரைக்கும் போய் ரெண்டு புக் வாங்கிட்டு வரணும். ஒண்ணுல ரயில் இருக்கும், இன்னொண்ணுல தபால்காரன்."

"அதுக்கென்ன தம்பி, சும்மாதானே இருக்கேன்."

போனவர் சுவரைத் தடவியபடி நெடுநேரம் கழித்து வந்தார். கையில் தூங்காத பூனை, சாம்பல் ராணி.

"அண்ணே, இது என்னது?"

"ரயில்தானே?"

"இது பூனைண்ணே."

"பூனையா? நீளமா இருக்கேன்னு ரயில்னு நெனச்சேன்." தாடிக்காரர் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு கையை நீட்டி, மறுபடி மூக்குக்குக் கொண்டுவந்தார். "எல்லாம் மேகம் மாதிரி இருக்கு தம்பி. நீதானே கண்மணி விரியணும்னு கண்ணுல மருந்து விட்டு உக்கார வச்ச?"

ஆமாம், அவர்தான் விட்டார். காலையில் வந்ததும் செய்த முதல் வேலை அது. தாடிக்காரரைப் பத்திரமாகப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பூனைகளும் இரண்டு ராணிகளும் உள்ள பையை மேஜைக்கடியில் தள்ளினார். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

"அவ எந்த புக் படிப்பா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"காலைல தெரியும்னு சொன்னீங்க."

"தெரியும். சும்மா சரிபாக்கிறேன்."

"அவகிட்டயே போன் பண்ணிக் கேளுங்களேன். வீட்டுலதானே கெடக்கா."

"அது முடியாது."

"தெரியலன்னா தெரியலன்னு சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"கொறைய என்ன இருக்கு? நான் இப்பவே பூஜ்யத்துலதான் இருக்கேன்."

மனைவி குரலைத் தணித்து, "ஏதோ தொப்பி போட்டவன் படம் போட்டிருக்கும்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவர் மனசுக்குள் அட்டைகளை ஓடவிட்டார். தபால்காரன் தொப்பி போட்டிருந்தான். ரயிலில் நின்ற கார்டும் தொப்பி போட்டிருந்தான். ராணி தலையில் இருந்தது கிரீடம், ஆனால் அதுவும் தூரத்தில் பார்த்தால் தொப்பிதான். பூனைகூடத் தூங்குவதற்கான ஒரு குல்லாய் வைத்திருந்தது. கதைக்காரர்கள் ஒரு வழுக்கையனைக்கூடவா வரையக் கூடாது என்று அவருக்கு அழுகை வந்தது.

"என்னய்யா தலையில கை வச்சு உக்காந்திருக்க?"

முதலாளி. நேரம் தவறினால் கத்துகிறவர், சிரித்தால் கடை நஷ்டப்படும் என்று நம்புகிறவர். மறைக்க நினைத்தவர் முழுதும் சொல்லிவிட்டார். கடைசியில் குரல் உடைந்தும் போனது.

ஆச்சரியம், முதலாளி கத்தவில்லை. "ரயிலும் தபால்காரனும்தானே? அவ்வளவு பெரிய கூட்டத்துல உன்ன மாதிரி ஆளெல்லாம் நின்னா ஏச்சுடுவானுங்க. நான் போறேன்" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

கண்ணாடிக்காரர் கண்ணில் நீர் தளும்ப வேலைக்குத் திரும்பினார். ஓர் அம்மாளின் தாவாங்கட்டையைக் கருவியில் வைக்கச் சொன்னார், "இது தெளிவா, அது தெளிவா" என்றார். அந்த அம்மாள் இரண்டும் தெளிவு என்றார். நான்காவது ஆள் வந்து போனார். முதலாளியைக் காணோம்.

தேடிக்கொண்டு உள் அறைக் கதவைத் திறந்தார். பரிசோதனை நாற்காலியில் முதலாளி சாய்ந்து கிடந்தார். விளக்கு முகத்துக்கு நேராக எரிந்தது. பிரிந்த உறைகள் இரண்டு தரையில் கிடந்தன. மடியில் டீ டம்ளர்.

"சார், அது வந்து, நான் கேட்டது."

"இரு. ரயில் இப்பத்தான் பாறைக்குள்ள போகுது."

"உறையப் பிரிச்சிட்டீங்களே சார்."

"பிரிக்காம எப்படிய்யா படிக்கிறது?"

"தபால்காரன் எங்க சார்?"

"செத்துட்டான்" என்றார் முதலாளி, பக்கத்தைத் திருப்பியபடி. அவருடைய கண்களும் கலங்கியிருந்தன. "கடைசிப் பக்கம். கையில ஒரே ஒரு கடிதம். இந்தா, அதை முடிச்சிட்டேன், எடுத்துக்க. ரயிலத் தரமாட்டேன். முப்பது வருஷமாச்சுய்யா இந்த மாதிரி ஒண்ணு படிச்சு."

தபால்காரனின் பனிமலையில் டீ வழிந்து ஏரியாகியிருந்தது. அட்டையின் மூலை நாய்க்காது போல மடங்கியிருந்தது. இதைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? அதுவும் போக, கடைசியில் தபால்காரன் சாகிறான் என்பது இப்போது அவருக்குத் தெரியும். அவர் எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாதவர். அவள் முதல் பக்கத்தைப் பிரிக்கும்போதே அவர் முகம் சாவு வீடு மாதிரி ஆகிவிடும்.

பையில் பூனை இரண்டு, ராணி இரண்டு, டீ குடித்த தபால்காரன் ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் பக்கத்துத் தெருவுக்கு ஓடினார். கடையில் கூட்டம் இல்லை. மேஜை துடைத்து வைத்ததுபோல் காலி. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் குனிந்து நுழைந்தார்.

"மறுபடியுமா சார்?"

"ரயில் ஒண்ணு, தபால்காரன் ஒண்ணு. ஆளுக்கு ரெண்டுங்கிறது தெரியும். இந்தாங்க, இந்த நாலையும் வச்சுக்கோங்க. காசு வேண்டாம்."

"எல்லாம் தீந்துடுச்சு சார்."

ஆனால் அவர் கால் பக்கத்தில், மேஜைக்கடியில், பழுப்புத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. தாளின் கிழிசல் வழியாக ரயில் கார்டின் தொப்பி தெரிந்தது. கண்ணாடிக்காரர் மண்டியிட்டார். தொழில்முறைக் கண், தப்பாது.

"அது என்ன?"

"அதைக் கேக்காதீங்க. ரயிலும் தபால்காரனும்தான். ஆனா சொல்லி வச்சது. ஒரு பொண்ணு எடுத்து வைக்கச் சொல்லிச்சு, அப்பா வந்து வாங்கிப்பாரு. அதுக்காகத்தான் கடையச் சாத்தாம உக்காந்திருக்கேன்."

"அவர் வரட்டும். நான் அவர்கிட்டயே கேட்டுக்கிறேன். கால்ல விழுந்தாவது கேட்டுக்கிறேன்."

கடைக்காரர் இன்னொரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். இருவரும் ஷட்டருக்குக் கீழே தெரிந்த தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கால்கள் போயின, சக்கரங்கள் போயின. ஒரு ஜோடிச் செருப்புகூட நிற்கவில்லை. வீட்டில் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தார். வராத அந்த மனிதர்மேல் மெல்ல மெல்லக் கோபம் ஏறியது.

"பாருங்க" என்றார். "பொண்ணு ஆசையா சொல்லி வச்சிருக்கு. இவருக்கு வந்து வாங்க நேரமில்ல. வாய் நெறைய அப்பான்னு கூப்பிட ஒரு பிள்ளை இருக்குல்ல, அந்த அருமை தெரியல. எனக்கு மட்டும் அப்படி ஒண்ணு இருந்தா, விடியறதுக்கு முன்னாடி வந்து உங்க ஷட்டரத் தட்டியிருப்பேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் கடைக்காரர். "அந்தப் பொண்ணு கடை தெறந்ததும் போன் பண்ணிச்சு. 'கால்ல கட்டு, என்னால வர முடியாது, எங்கப்பா வருவாரு. எதுன்னு அவருக்குத் தெரியாது, ஆனா தெரியும்னு சொல்லிட்டாரு, பாவம். நான் சொன்னேன்னு காட்டிக்காம எடுத்துக் குடுத்துடுங்க'ன்னு சொல்லிச்சு. நானும் வர்றவங்க ஒவ்வொருத்தரையும் கேட்டுப் பாத்துட்டேன், உங்களையும்தான் கேட்டேன். பொண்ணோட அப்பான்னு சொல்லிக்கிட்டு ஒருத்தரும் வரலயே சார்."