சவ்வு டிரெசர்

மலாயாவில், சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துப் பேசியவர், எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரெசர் ஒருவர்தான். என் இருபது வயதுகளில் நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீசில் எழுத்து வேலை. அவர் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. சவ்வு டிரெசர் என்றால் தாப்பா டவுன் வரைக்கும் தெரியும்.

மனிதனின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றிலும் மெல்லிய சவ்வு படர்ந்திருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டார். அதோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். இருமலா? மார்ச்சவ்வு. கழிச்சலா? குடல்சவ்வு. ஒருவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அடுத்த லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கும் இவரிடம் மருந்து இருந்தது.

"அவளுக்கு இரைப்பைச் சவ்வு காஞ்சு கெடக்கு லா. கஞ்சி வச்சுக் குடு, தானா வருவா."

ஒருமுறை கள்ளை ஒழிக்கக் கிளம்பினார். ஆட்டுக் குடல் துண்டு ஒன்றைத் தண்ணீரிலும், இன்னொன்றைக் கள்ளிலும் ஊறப்போட்டார். நான்காம் நாள் காலை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டில், எல்லார் முன்னிலையிலும் இரண்டு ஜாடிகளின் மூடியையும் திறந்தார். தண்ணீரில் கிடந்தது அழுகி நாறியது. கள்ளில் கிடந்தது புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"பாத்துக்குங்கடா, தண்ணிதான் கொடலக் கெடுக்குது லா!" என்றார் கங்காணி. அன்று கள்ளுக்கடையில் நிற்க இடமில்லை. டிரெசரைப் போல நடித்துக் காட்டி ஒரு வாரம் எல்லாரையும் சிரிக்க வைத்தது நான்தான்.

அடுத்த மாதமே எனக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் வலி கண்டது. காய்ச்சல், வாந்தி வேறு. எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருந்த எங்கள் வெள்ளைக்காரத் தொரை, புட்டியும் கையுமாக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"சும்மா வேஷம்! வெளக்கெண்ணெ குடு, டிரெசர்!"

தொரையின் நாய் வந்தாலே எழுந்து நிற்கிற ஆள் நம்முடைய டிரெசர். என் வயிற்றை மெல்ல அழுத்தினார். விரலை எடுத்தபோதுதான் எனக்கு வலியில் உயிர் போயிற்று.

"குடுக்க மாட்டேன் தொரை. வயித்துச் சவ்வு வீங்கிக் கெடக்கு. பேதி குடுத்தா உள்ளுக்குள்ள ஒடைஞ்சு செத்துருவாரு."

"அப்ப நாளைக்கு நீ இங்க இல்ல!"

"சரிங்க தொரை. இவர ஈப்போவுக்கு ஏத்தி விட்டுட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுப் புட்டியைச் சன்னல் வழியே கவிழ்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த எண்ணெயைக் குடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கள்ளில் குடலை ஊறப்போட்ட ஆளை எவன் நம்புவான்?

ஈப்போவில் வயிற்றைக் கீறிக் குடல்வாலை எடுத்தார்கள். பேதி மருந்து உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் டிரெசர் துணிமணி அடைத்த தகரப் பெட்டியோடு வந்து நின்றார். தொரை சொன்ன சொல் தவறாதவர்.

என்னை எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நேரே டாக்டரிடம் போனார்.

"சவ்வக் கண்ணால பாத்தீங்களா சார்? எப்படி இருந்துச்சு?"

சிவந்திருந்தது, உடையவில்லை என்றார் டாக்டர். டிரெசருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒடையலையாம், தம்பி," என்று என்னிடம் வந்து சிரித்தார். அந்தக் கிறுக்கரின் கையைப் பிடித்த நான், நெடுநேரம் விடவில்லை.